மஞ்சள் பூ பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணி இல்லை!

ஒரு சின்ன வேண்டுகோளோடு ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டுத் தொட்டியிலோ, அபார்ட்மென்ட் வாசலிலோ தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூக்கிற செடி ஒன்று இருக்கலாம். "இதான் மஞ்சள் கரிசலாங்கண்ணி, கல்லீரலுக்கு நல்லது"ன்னு யாராவது சொல்லி, நீங்களும் அதைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு இருக்கலாம். அப்படியென்றால் நாளைக்குக் காலையில் ஒரே ஒரு தடவை குனிந்து அதோட இலையைப் பாருங்க. பூவைப் பார்க்காதீங்க. இலையை.

ஏன் இலை? அதுக்குத்தான் இந்தப் பதிவு.

விஷயம் இதுதான். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயரில் இன்றைக்கு ரெண்டு வெவ்வேறு செடிகள் நடமாடிக்கொண்டு இருக்கின்றன. ஒன்று நம்ம ஊர் வாய்க்கால் ஓரத்துச் செடி, சித்த மருத்துவம் பேசுவது இதைப் பற்றித்தான். இன்னொன்று அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட அமெரிக்கச் செடி. ரெண்டும் நெருங்கிய சொந்தம், பங்காளிகள் மாதிரி. பூவை மட்டும் பார்த்தால் பழகினவனுக்கே ஒரு நிமிஷம் தடுமாறும். நான் போய்ப் பார்த்த நர்சரிகளில் "மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்று கையில் எடுத்துக் கொடுத்தது பெரும்பாலும் ரெண்டாவது செடியைத்தான்.

ஒரு நர்சரியில் நடந்த பேச்சு:

"அண்ணே, இது மஞ்சள் கரிசலாங்கண்ணிதானா?"

"ஆமா சார், ஒரிஜினல். ஒரு குச்சிய ஒடிச்சு வெச்சாப் போதும், கொஞ்ச நாள்ல தோட்டம் பூரா இதுதான் இருக்கும். சாகவே சாகாது சார்!"

அந்த "சாகவே சாகாது"லதான் பாதி விடை இருக்கு :-) அவரைக் குறை சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்லை. அவருக்குக் கொடுத்தவர் அப்படிச் சொல்லிக் கொடுத்தார், அவர் நமக்குச் சொல்கிறார்.

சரி, யார் யார் என்று பார்த்துவிடுவோம்.

முதலாமவர் எல்லோருக்கும் தெரிந்த வெள்ளைக் கரிசலாங்கண்ணி. கையாந்தகரை, கரிசாலை என்றும் சொல்வோம். வயல் வரப்பிலும் ஈரமான இடத்திலும் தானாக முளைக்கும். சின்னச் சட்டைப் பட்டன் மாதிரி வெள்ளைப் பூ. இலையைக் கசக்கினால் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போகும். தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதும் பெரும்பாலும் இதில்தான். தாவரவியல் பெயர் எக்லிப்டா ப்ராஸ்ட்ரேட்டா.

இரண்டாமவர் அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணி. பழைய பெயர் பொற்றலைக் கையான். இன்றைய தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. பழைய புத்தகங்களில் வெடிலியா சைனென்சிஸ், வெடிலியா காலெண்டுலேசியா என்றெல்லாம் இருக்கும். எல்லாம் ஒரே ஆள்தான்.

மூன்றாமவர்தான் நம்ம வில்லன். வில்லன் என்பதுகூடத் தப்பு, வந்த இடத்தில் பிழைக்கத் தெரிந்தவர். ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. பழைய பெயர் வெடிலியா ட்ரைலோபேட்டா. நர்சரியில் சுருக்கமாக "வெடிலியா". சொந்த ஊர் மெக்ஸிகோ, கரீபியன் தீவுகள், அதற்குக் கீழே உள்ள வெப்பமண்டல அமெரிக்கா. ஆஸ்திரேலியாவில் இதை "சிங்கப்பூர் டெய்சி" என்கிறார்கள். சிங்கப்பூருக்கும் இதுக்கும் பூர்வீக சம்பந்தம் எதுவும் கிடையாது. பேர் விஷயத்தில் இந்தச் செடிக்கு எங்கே போனாலும் ஒரே ராசிதான் போல.

இந்த மூணுமே சூரியகாந்திக் குடும்பம். உலகம் முழுக்க 30,000 இனங்களுக்கு மேல் இருக்கிற பெரிய குடும்பம். சாமந்தி, செண்டுமல்லி, பார்த்தீனியம், மூக்குத்திப்பூ எல்லாம் இதில் அடக்கம். இந்தக் குடும்பத்தில் ஒரு சௌகரியம், ஒரு தொல்லை. சௌகரியம் என்னவென்றால், குடும்பத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். நாம் "ஒரு பூ" என்று சொல்வது உண்மையில் ஒரு பூ இல்லை, பூக்களின் கூட்டம். ஓரத்தில் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டு இருப்பது ஒவ்வொன்றும் தனிப் பூ. நடுவில் பொட்டு மாதிரி இருப்பதற்குள்ளே நிறைய குட்டிப் பூக்கள். சூரியகாந்தி முற்றினால் தட்டு நிறைய விதை வருகிறதே, அந்த ஒவ்வொரு விதையும் ஒரு குட்டிப் பூவில் இருந்து வந்ததுதான்.

தொல்லை என்னவென்றால், இந்த ஒரே டிசைனை வைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கான செடிகள் காலத்தை ஓட்டுகின்றன. மஞ்சள் ஓரம், மஞ்சள் நடு. தைத்த கடை வேறு, துணி ஒன்று என்கிற மாதிரி. மேலைநாட்டுத் தாவரவியல்காரர்களே இந்த மஞ்சள் பூக் கூட்டத்தைச் செல்லமாகத் திட்டுவதற்கென்று தனியாக ஒரு கெட்ட வார்த்தைப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அவங்களுக்கே அந்தக் கதி.

ஆகவே இந்தக் குடும்பத்தில் பூவைப் பார்த்து ஆளைச் சொல்வது, காக்கிச் சட்டையைப் பார்த்து போலீஸ்காரர் பேரைச் சொல்கிற மாதிரி. எந்த டிபார்ட்மென்ட் என்று தெரியும். யார் என்று தெரியாது. முகம் பார்க்க வேண்டும். செடிக்கு முகம் இலைதான்.

சரி, அசல் மஞ்சளையும் வெடிலியாவையும் எப்படிப் பிரிப்பது? நான் பார்க்கிற வரிசையில் சொல்கிறேன்.

1. இலையின் வடிவம். வெடிலியாவின் இலையில் ரெண்டு பக்கமும் தோள் மாதிரி ஒரு மடல் பிதுங்கி இருக்கும். நுனியோடு சேர்த்து மூன்று மடல். ட்ரைலோபேட்டா என்றாலே லத்தீனில் "மூன்று மடல் உள்ளது" என்றுதான் அர்த்தம், பேரிலேயே அடையாளத்தை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அசல் மஞ்சளின் இலை ஈட்டி மாதிரி நீளவாக்கில் போகும். மடல் கிடையாது. ஓரத்தில் ஒன்றிரண்டு மேலோட்டமான பற்கள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

2. அகலம். அசலின் இலை ஏறக்குறைய ஒரு விரல் அகலம்தான். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். வெடிலியா இலை ரெண்டு விரல், மூன்று விரல் அகலம் தாராளமாக வரும். ஸ்கேல் எல்லாம் வேண்டாம், விரலை வைத்துப் பார்த்தாலே போதும்.

3. பளபளப்பு. வெடிலியா இலை கொஞ்சம் சதைப்பற்றோடு, எண்ணெய் தடவின மாதிரி மின்னும். நர்சரியில் விற்பதற்குக் காரணமே அந்த மினுமினுப்புதான். அசலின் இலை மங்கலாக, தடவினால் சொரசொரவென்று இருக்கும். வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் இலையைத் தடவிப் பழகினவர்களுக்கு இந்தச் சொரசொரப்பு உடனே பிடிபடும்.

4. படர்கிற விதம். ரெண்டும் தரையோடு ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும். ஆனால் வெடிலியா ஓடுவது வேற லெவல். அடுத்த செடிக்கு இடமே விடாமல் பாய் விரித்த மாதிரி மூடிவிடும். அசல் மஞ்சள் அடக்கமானது. நாலு புல், ரெண்டு வல்லாரைக்கு நடுவில் அதுபாட்டுக்கு இருக்கும்.

5. இடம். ரோட்டு நடுவே இருக்கிற தடுப்புத் திட்டு, பூங்கா, ஐ.டி. கம்பெனி வாசல், ஹோட்டல் முகப்பு. இங்கெல்லாம் மஞ்சள் பூக் கம்பளம் இருந்தால் அது வெடிலியா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அசல் இருப்பது வாய்க்கால் கரை, குளத்து ஓரம், வயல் வரப்பு. ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீங்க. வெடிலியா இப்போது வாய்க்கால் கரைக்கும் வந்துவிட்டது.

எதை நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூவின் நிறத்தை நம்பாதீங்க. ஓர இதழ்களின் எண்ணிக்கையை நம்பாதீங்க, ஒரே செடியிலேயே பூவுக்குப் பூ மாறும். பூக்காம்பு நீளம் என்று சிலர் சொல்வார்கள். அசலில் காம்பு நன்றாக நீண்டிருப்பது உண்மைதான், ஆனால் வெடிலியாவிலும் நீளக் காம்பு வரும். கசக்கினால் கறுக்கிறதா என்கிற சோதனை வெள்ளைக் கரிசலாங்கண்ணிக்கான சோதனை, மஞ்சளுக்கு அதை இழுத்துக்கொண்டு வராதீங்க. முக்கியமாக, ஒரே ஒரு இலையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீங்க. வெடிலியாவிலும் இளம் இலைகளில், நிழலில் வளர்கிற கிளைகளில் மடல் சரியாகத் தெரியாமல் இருக்கும். ஒரு கொடியைத் தூக்கி, பத்து இலையாவது பாருங்க. மூன்று மடல் எங்காவது ஒரு இடத்தில் தலையைக் காட்டிவிடும்.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம். பொற்றலைக் கையான் என்ற அந்தப் பழைய பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்க. பொன் தலை உள்ள கையான். கையான் என்றால் கையாந்தகரை, அதாவது வெள்ளைக் கரிசலாங்கண்ணி. நான் அந்தப் பெயரை இப்படித்தான் படிக்கிறேன்: "உடம்பெல்லாம் கையான், தலை மட்டும் பொன்". இலை, தண்டு, சொரசொரப்பு எல்லாம் கையான் மாதிரி இருக்க வேண்டும். பூ மட்டும் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். இதைவிடச் சுருக்கமாக ஒரு செடிக்கு அடையாளம் எழுத முடியுமா? ஒரு பெயருக்குள்ளேயே முழு விளக்கத்தையும் மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெடிலியாவின் அகலமான, மின்னுகிற, மூன்று மடல் இலையைப் பார்த்து யாருமே "கையான்" என்று சொல்லியிருக்க முடியாது. நாம் "மஞ்சள்" என்ற பாதியை மட்டும் வைத்துக்கொண்டு "கையான்" என்ற பாதியை மறந்ததால்தான் இத்தனை குழப்பமும்.

சரி, இப்போ வழக்கமாக வரும் கேள்விகளுக்கு வருவோம்.

"ரெண்டும் ஒரே இனம்தானே, எதைச் சாப்பிட்டா என்ன?"

இதைப் படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ரெண்டும் ஸ்பாக்னெட்டிகோலா என்கிற ஒரே பேரினம் என்பது உண்மைதான். 1996-இல் ப்ரஸ்கி என்ற தாவரவியலாளர் ரெண்டையும் வெடிலியாவில் இருந்து எடுத்து இங்கே கொண்டுவந்து வைத்தார். ஆனால் ஒரே பேரினம் என்றால் ஒரே செடி என்று அர்த்தமா? கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, சுண்டைக்காய், மணத்தக்காளி, தூதுவளை, இத்தனையும் சொலானம் என்ற ஒரே பேரினம்தான். மணத்தக்காளிக் கீரையைக் கடைந்து சாப்பிடுகிறோம். அதே தைரியத்தில் உருளைக்கிழங்குச் செடியின் இலையைப் பறித்துக் கடைவோமா? அதில் விஷம் இருக்கிறது. பேரினம் ஒன்றாக இருப்பது சொந்தத்தைக் காட்டும், குணத்துக்கு ஜவாப்தாரி ஆகாது. அண்ணன் டாக்டர் என்பதற்காகத் தம்பியிடம் ஊசி போட்டுக்கொள்ள முடியாதுல்ல?

"லேபிள்ல வெடிலியான்னு போட்டிருக்கே, மஞ்சள் கரிசலாங்கண்ணியும் வெடிலியாதானே?"

இதுதான் பெரிய பொறி. வெடிலியா என்பது 1645 முதல் 1721 வரை வாழ்ந்த கியார்க் உல்ஃப்காங் வெடல் என்ற ஜெர்மானிய மருத்துவப் பேராசிரியரின் ஞாபகமாக வைத்த பெயர். ஒரு காலத்தில் ரெண்டு செடியும் அந்தப் பெயருக்குள் இருந்தன. இப்போ ரெண்டுமே இல்லை. ஆக, லேபிளில் வெறும் "வெடிலியா" என்று இருந்தால் அது உங்களுக்கு எதையுமே சொல்லவில்லை. தாவரவியல் பெயரில் ரெண்டாவது வார்த்தை முக்கியம். காலெண்டுலேசியா, சைனென்சிஸ் என்று இருந்தால் நம்ம ஆள். ட்ரைலோபேட்டா என்றால் மற்றவர். முதல் பெயர் பல தடவை மாறினாலும், அந்த "ட்ரைலோபேட்டா" லின்னேயஸ் காலத்தில் இருந்து கூடவே வருகிறது.

"இத்தனை பேர் சாப்பிடறாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

வெடிலியாவைத் தின்றால் சுருண்டு விழுந்துவிடுவீங்க என்று நான் சொல்ல வரவில்லை. கரீபியன், பிரேசில் பக்கம் நாட்டு மருத்துவத்தில் அதற்கும் ஒரு இடம் உண்டு. அது அவங்க அனுபவம், அவங்க முறை, அவங்க அளவு. நம்ம ஊரில் காமாலைக்கும் ரத்தசோகைக்கும் என்று சொல்லி வந்தது அந்தச் செடியை இல்லை. ஒரு செடியின் பெருமையைப் படித்துவிட்டு இன்னொரு செடியைத் தின்பது, ஒருத்தர் மருந்துச்சீட்டைக் காட்டி இன்னொருத்தர் மருந்தை வாங்கி முழுங்குகிற மாதிரி.

இதில் ஒரு நல்ல சரித்திரமும் உண்டு. 1956-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் கோவிந்தாச்சாரி, நாகராஜன், பாய் ஆகிய மூவரும் வெடிலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் அமைப்பைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பேரே வெடிலியாவில் இருந்து வந்ததுதான். அது எந்த வெடிலியா? காலெண்டுலேசியா, நம்ம பொற்றலைக் கையான். அதே பொருள் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் இருக்கிறது. யோசித்துப் பாருங்க, தாவரவியல்படி வெள்ளையும் மஞ்சளும் வேற வேற பேரினம். ஆனால் நம்ம ஆட்கள் ரெண்டையும் "கையான்" என்று ஒரே பேரில் கட்டினார்கள். வேதியியல் பின்னாடி வந்து, ரெண்டிலும் ஒரே சரக்கு இருக்கு என்கிறது. இதை வைத்து "அன்றே சொன்னான் தமிழன்" என்று நான் கிளம்ப மாட்டேன், பயப்படாதீங்க :-) ஆனால் கல்லீரல், வெடிலோலாக்டோன் என்று இணையத்தில் சுற்றுகிற கட்டுரைகளின் பக்கத்திலேயே மூன்று மடல் இலையின் படத்தைப் போட்டிருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஆராய்ச்சி ஒரு செடியில், படம் இன்னொரு செடியில், சாப்பிடுகிறவர் நடுவில்.

நடுவில் என்று சொல்வது வெறும் பேச்சுக்கு இல்லை. காமாலை வந்தவர், ஃபேட்டி லிவர் என்று ஸ்கேனில் எழுதிக் கொடுத்தவர், இவர்கள்தான் இந்தச் செடியைத் தேடிப் போகிறார்கள். வள்ளலார் கரிசலாங்கண்ணியைச் சிறப்பித்துச் சொன்னதால் பக்தியோடு தேடுகிறவர்களும் உண்டு. அவர்கள் யாரும் பளபளப்பைத் தேடிப் போகவில்லை, நம்பிக்கையோடு போகிறார்கள். நம்பிக்கையோடு வருகிற ஆளுக்குச் சரியான செடியைக் கொடுக்கிறது குறைந்தபட்ச நாணயம் இல்லையா? பொடியாக விற்றால் இன்னும் மோசம். இலையாவது மடலைக் காட்டிக் கொடுக்கும், பொடிக்கு முகமே கிடையாது.

இதுவரைக்கும் சொன்னது நம்ம உடம்பு பற்றி. ஆனால் எனக்கு உண்மையிலேயே கவலை இன்னொரு விஷயத்தில்.

2000-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு, உலகத்தின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. ஆகாயத்தாமரை அதில் இருக்கிறது, உன்னிச்செடி இருக்கிறது. நம்ம பூங்காக்களில் காசு கொடுத்து நடுகிற வெடிலியாவும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இதை விற்கவோ, அடுத்தவருக்குச் சும்மா கொடுக்கவோகூடச் சட்டப்படி முடியாது. இங்கே "ஒரு குச்சி குடுங்களேன்" என்று வீட்டுக்கு வீடு வாங்கிக்கொண்டு போகிறோம்.

இது விதையை நம்பிப் பிழைக்கிற செடி இல்லை, துண்டுத் தண்டை நம்பிப் பிழைக்கிற செடி. புல்வெட்டி ஓட்டி, வெட்டின கழிவை அள்ளி வாய்க்கால் ஓரம் கொட்டினால் போதும். ஒவ்வொரு துண்டும் வேர் பிடிக்கும். மழைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு போய் அடுத்த ஊரில் இறங்கும். அப்படி அது போய்ச் சேருகிற ஈரமான கரை எது? நம்ம பொற்றலைக் கையான் குடியிருக்கிற அதே கரை. போதாததுக்கு, தென் சீனாவில் இந்த ரெண்டும் ஒன்றோடொன்று கலந்து கலப்புச் செடிகள் உருவாகியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பங்காளி வீட்டைப் பிடிப்பது மட்டும் இல்லை, ரத்தத்திலும் கலக்கிறார்.

இப்போ யோசிங்க. ஒரு வாய்க்கால் கரையில் வல்லாரை காணாமல் போனால் "முன்னெல்லாம் இங்க வல்லாரை இருக்கும்"னு ஒரு பாட்டியாவது சொல்வார். பொற்றலைக் கையான் காணாமல் போனால்? யாரும் சொல்ல மாட்டார்கள். ஏன்னா அதே மஞ்சள் பூ, அதே பேரோடு, முன்னைவிட அதிகமாகவே அங்கே பூத்துக்கொண்டு இருக்கும்! "மஞ்சள் கரிசலாங்கண்ணியா? அதான் எங்க பார்த்தாலும் இருக்கே" என்பார்கள். செடி போவது ஒரு நஷ்டம். போனதே தெரியாமல் போவது இன்னொரு நஷ்டம். பெயரை அடுத்த செடிக்குக் கொடுத்துவிட்டால் அந்த ரெண்டாவது நஷ்டம்தான் நடக்கும்.

உடனே "வெளிநாட்டுச் செடி என்றாலே ஆகாதா?" என்று சண்டைக்கு வராதீங்க. எனக்கு அப்படி ஒரு கொள்கையும் இல்லை. மிளகாய் எங்கிருந்து வந்தது? தக்காளி? அதை எல்லாம் விடுங்க, இதே குடும்பத்தில் ஒரு உதாரணம் இருக்கு. வெட்டுக்காயப் பூண்டு. கிணற்றடிப் பூண்டு, தாத்தாப்பூ என்றும் சொல்வோம். நீளக் காம்பில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள், ஓரத்தில் நாலைந்து வெளிர் இதழ்கள். சின்னப் பசங்க காம்பைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தலையைச் சுண்டி விளையாடுமே, அதே பூ. கிராமத்தில் அடிபட்டால் முதலில் கசக்கி வைப்பது அந்த இலையைத்தான். அதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடிதாங்க! ட்ரைடாக்ஸ் என்று பெயர். ஆனால் அது வந்து யாருடைய பேரையும் திருடவில்லை. நம்ம ஆட்கள் அதைப் புதுசாகவே பார்த்தார்கள், அதுக்கென்று தனியாக மூணு பேர் வைத்தார்கள், ஒரு வேலையும் கொடுத்தார்கள், பசங்க ஒரு விளையாட்டும் கண்டுபிடித்தார்கள். வருகிறவர் வரட்டும். அவர் பேரிலேயே வரட்டும்.

அதனால் என்னுடைய யோசனை ரொம்ப எளிமையானது. இந்த வெடிலியாவுக்குத் தமிழில் தனியாக ஒரு பெயர் வேண்டும். அதுக்கான சொல்லும் நம்மகிட்டயே இருக்கு. சீமை! கருவேலம் நம்ம மரம், சீமைக் கருவேலம் வெளியில் இருந்து வந்த மரம். அகத்தி கீரை, சீமை அகத்தி சொறி சிரங்குக்குப் பூசுகிற வேறு செடி, அதைப் பறித்து யாரும் அகத்திக்கீரைக் குழம்பு வைக்க மாட்டார்கள். முன்னால் ஒட்டியிருக்கிற அந்த ஒரு வார்த்தைதான் காவல்காரன். கோடாரி தூக்குகிறவனுக்குக்கூட எதை வெட்டணும், எதை விடணும் என்று அது சொல்லிக் கொடுக்கிறது. அதே மாதிரி இதைச் "சீமைக் கரிசலாங்கண்ணி" என்று சொல்லிப் பழகுவோம். பூ ஒத்திருக்கிறது என்பதை "கரிசலாங்கண்ணி" சொல்லிவிடும், ஆள் வேறு என்பதைச் "சீமை" சொல்லிவிடும்.

கடைசியாக, நீங்க செய்யக்கூடிய சில காரியங்கள்:

நர்சரியில் பூவோடு இருக்கிற தொட்டியைக் காட்டினால், இலையைப் பார்த்துவிட்டுப் பேசுங்க. மூன்று மடல் இருந்தால் "இது சீமை, அசல் இருந்தா குடுங்க" என்று சொல்லுங்க. நாலு பேர் கேட்டால் அவரே தேடிக் கொண்டுவந்து வைப்பார்.

படம் எடுத்து யாரிடமாவது கேட்பதென்றால் பூவை மட்டும் க்ளோசப் எடுக்காதீங்க. ஒரு கொடி முழுசாக, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு, பூவைப் பக்கவாட்டில் என்று நாலைந்து படம் எடுங்க. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான தளத்தில் போட்டாலும் இதுதான் வழி. வெறும் பூவைக் காட்டினால் எந்த ஆப்பும் குத்துமதிப்பாகத்தான் சொல்லும்.

வீட்டில் ஏற்கனவே சீமை இருந்தால், பிடுங்கின கொடியை வாய்க்காலிலோ காலி மனையிலோ வீசாதீங்க. சாக்கில் கட்டி, வெயிலில் நன்றாகக் காயப் போட்டு, சருகான பிறகு தூக்கிப் போடுங்க.

அசல் பொற்றலைக் கையானை எங்காவது பார்த்தால், வேரோடு பிடுங்கிக்கொண்டு வராதீங்க. ஒரு சின்னக் கணுத் துண்டு போதும், ஈரமான தொட்டியில் வேர் பிடித்துவிடும். அதில் இருந்து பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு கொடுங்க. கொடுக்கும்போது செடியை மட்டும் கொடுக்காமல் பேரையும் சேர்த்துக் கொடுங்க: உடம்பு கையான், தலை பொன்.

டிஸ்கி: நான் வைத்தியர் கிடையாது, செடி பார்க்கிற பைத்தியம் மட்டுமே. காமாலை என்று சந்தேகம் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, டாக்டர். அசலோ சீமையோ, எந்தக் கரிசலாங்கண்ணியும் அதுக்கு அப்புறம்தான். வெள்ளை ஒசத்தியா மஞ்சள் ஒசத்தியா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரலை, ஆளை விடுங்க சாமி!